கேட்காமல் எழுதிய குறிப்பு

இரவு இரண்டு மணி. பொது வார்டு. எட்டாம் கட்டிலில் இருப்பவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, காய்ச்சல் பார்த்தால் போதும் என்பது டாக்டரின் உத்தரவு. பன்னிரண்டு மணிக்குப் பார்த்து எழுதியாயிற்று. இனி நான்கு மணிக்குத்தான். ஆனாலும் நைட் டியூட்டி சிஸ்டர் அந்தக் கட்டிலருகே போய் நிற்கிறார். கையைத் தொட்டுப் பார்க்கிறார். நாடி பிடிக்கிறார், பிரஷர் பார்க்கிறார். எல்லா எண்களும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. அரை மணி கழித்து மறுபடியும் போகிறார். கணினியில் எண்களைப் பதிந்த கையோடு, பக்கத்திலுள்ள குறிப்புப் பெட்டியில் ஒரு வரியும் சேர்க்கிறார்: சாயங்காலம் பேசியது போலப் பேசவில்லை. அந்தப் பெட்டியை நிரப்பச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. காலையில் ஹேண்டோவர் நேரத்தில் "ஏன் சிஸ்டர் இத்தனை தடவை பார்த்தீங்க?" என்று கேட்டால், "என்னவோ சரியில்லைன்னு தோணிச்சு" என்பதற்கு மேல் அவரிடம் பதில் இருக்காது.

வார்டில் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. இதில் தரவு எது என்பதுதான் கேள்வி. நாடி 88 என்ற எண்ணா? பார்க்க வேண்டாத நேரத்தில் அவர் பார்க்கப் போனார் என்ற செய்தியா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செவிலியத் தகவலியல் கண்டுபிடித்தவற்றில் ஆகப் பெரியது, இரண்டாவதுதான் பல நேரங்களில் கனமான தரவு என்பது. அந்தக் கண்டுபிடிப்பு மேம்பட்ட செவிலியப் பணியில் இருப்பவர்களிடம் என்ன வேலையை ஒப்படைக்கிறது என்பதை எழுதிப் பார்க்கிறேன்.

செவிலியத் தகவலியல் என்றதும் கம்ப்யூட்டர் வகுப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 1989இல் ஜூடித் கிரேவ்ஸ், ஷீலா கோர்கரன் என்ற இரு அமெரிக்கச் செவிலிய அறிஞர்கள் அதற்குக் கொடுத்த விளக்கத்தில் கணினி ஒரு கருவி மட்டுமே. கட்டிலருகே கிடைக்கும் தரவைத் தகவலாகவும், தகவலை அறிவாகவும் மாற்றுவது, அந்த அறிவை மீண்டும் கட்டிலருகே கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதுதான் அவர்கள் சொன்ன துறை. அதற்கு ஓராண்டு முன்பு, 1988இல், ஹாரியட் வெர்லியும் நார்மா லாங்கும் செவிலியத் தரவின் குறைந்தபட்சத் தொகுதி ஒன்றை வெளியிட்டார்கள். மொத்தம் 16 இனங்கள். அவற்றில் 12 நோயாளியின் வயது, சேர்ந்த தேதி போன்றவை. மீதி நான்குதான் புரட்சி: செவிலியர் கண்டறிந்த பிரச்சினை என்ன, அதற்கு அவர் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன, அதற்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது.

அந்நாளில் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லில் செவிலியர் உழைப்பு அறை வாடகைக்குள் கரைந்து கிடந்தது. படுக்கை விரிப்புக்கும் மின்விளக்குக்கும் என்ன கணக்கோ அதே கணக்குத்தான் இரவு முழுக்க விழித்திருந்தவருக்கும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் டாக்டர் செய்தது இருக்கும், மருந்து இருக்கும், அறுவை சிகிச்சை இருக்கும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமல் காத்தவர் அதில் இருக்கமாட்டார். வராத புண்ணுக்கு ஏது பதிவு? வெர்லியின் நான்கு இனங்களை நான் ஒரு தொழில்நுட்ப ஏற்பாடாகப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பதிவேட்டில் ஏற்றக் கோரிய உரிமைக் குரலாகவே பார்க்கிறேன். 1992இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் தகவலியலைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

இன்னொரு பக்கம், 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து நர்ஸ் பிராக்டிஷனர் என்ற மேம்பட்ட செவிலியப் பணி வளர்ந்தது. நோயாளியைப் பரிசோதிப்பது, மதிப்பிடுவது, சிகிச்சையை முடிவு செய்வது என்று செவிலியர் கையில் முடிவெடுக்கும் பொறுப்பு வந்தது. பொறுப்பு வந்தால் தரவைக் கேள்வி கேட்கும் கடமையும் வரும். அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கம் 2006இல் செவிலியப் பணியில் முனைவர் படிப்புக்கு வகுத்த அடிப்படைகளில் தகவல் அமைப்புகள் தனி ஒரு கூறு. 2021இல் திருத்தியபோது அது எல்லா நிலைச் செவிலியர் கல்விக்கும் உரிய எட்டாவது களமானது. இந்தியாவில் 2017இலிருந்து தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் பயிற்சி நடக்கிறது. படிப்புகளின் வரலாறு இவ்வளவு போதும். வார்டுக்குத் திரும்புவோம்.

பதிந்தே தீர வேண்டிய கட்டாயத் தரவு எப்படிப் பிறக்கிறது, எப்படிக் கெடுகிறது என்பதற்குப் பார்கோடின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், டொபீகா நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சூ கின்னிக் என்று ஒரு செவிலியர் இருந்தார். வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடைப் படித்து நொடியில் கணக்கை முடித்ததைப் பார்த்தார். காருக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கும்போது மருந்துக்கு ஏன் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் கைப்பட்டையில் ஒரு பார்கோடு, மருந்தின் உறையில் ஒரு பார்கோடு. இரண்டையும் படித்துப் பொருந்தினால்தான் மருந்து. அந்த மருத்துவமனையில் முதலில் செய்து பார்த்தார்கள். 1999இலிருந்து நாடு முழுவதுமுள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்கு அது பரவியது.

பலன் கண்கூடானது. பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் எரிக் பூன் குழுவினர் 14,041 முறை மருந்து கொடுக்கப்படுவதை நேரில் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நேரம் தவறுவதைத் தவிர்த்த மற்றப் பிழைகள் 11.5 விழுக்காட்டிலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடிய பிழைகள் ஏறக்குறைய பாதியாயின. ஒரு செவிலியர் கார் நிறுத்துமிடத்தில் கண்ட யோசனை இது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சமூகவியலாளர் ராஸ் கோப்பல் தம் சகாக்களுடன் ஐந்து மருத்துவமனைகளில் இதே முறை நடைமுறையில் எப்படிப் புழங்குகிறது என்று பார்த்து 2008இல் எழுதினார். செவிலியர்கள் கண்டுபிடித்திருந்த சுற்றுவழிகள் 15 வகை; அவற்றுக்கான காரணங்கள் 31. நோயாளியின் பார்கோடைக் கூடுதலாக ஒரு பிரதி எடுத்துக் கதவு நிலையில் ஒட்டியிருந்தார்கள். மருந்து வண்டியில் ஒட்டியிருந்தார்கள். இடுப்பு வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டில் வரை போகாமலே எல்லோருடைய கைப்பட்டையையும் "படித்துவிடலாம்". கணினியில் பார்த்தால் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான நேரம், எல்லாம் பச்சை.

இதைப் படித்ததும் செவிலியர்கள் மேல் கோபம் வருவது எளிது. கோப்பல் பட்டியலிட்ட காரணங்களைப் படித்தால் கோபம் இடம் மாறிவிடும். கைப்பட்டை நனைந்து அழிந்திருந்தது, அல்லது கடிபட்டிருந்தது. மருந்து உறையின் பார்கோடு கசங்கியிருந்தது, அல்லது அதன் மேல் இன்னொரு லேபிள் ஒட்டப்பட்டிருந்தது. கருவியின் பேட்டரி தீர்ந்திருந்தது. கம்பியில்லா இணைப்பு உறுதியாகக் கிடைக்கவில்லை. இவற்றையெல்லாம் சரிசெய்ய வேண்டியவர்கள் வேறு யாரோ. ஆனால் ஏழு மணி மருந்தை ஏழு மணிக்குக் கொடுக்க வேண்டியவர் சிஸ்டர்தான். அவர் வழி கண்டுபிடித்தார். அந்த வழியில் தரவு பொய்யானது.

மேம்பட்ட பணியிலுள்ள செவிலியருக்கும் மென்பொருள் ஆய்வாளருக்கும் இங்கேதான் பார்வை பிரிகிறது. திரையில் 99 விழுக்காடு ஸ்கேன் ஆகியிருக்கிறது என்று அறிக்கை வரும். ஆய்வாளர் மகிழ்வார். வார்டு தெரிந்தவர் எழுந்து போய்க் கதவு நிலையைப் பார்ப்பார். கட்டாயமாக்கப்பட்ட தரவு எப்போதும் முழுமையாகத்தான் இருக்கும். முழுமையாக இருக்கிறது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

கட்டாயத்தின் அளவு எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செவிலியராகவும் தகவலியல் ஆய்வாளராகவும் இருக்கும் சாரா காலின்ஸ் ராஸட்டியும் அவரது குழுவும் 2018இல் வெளியிட்டது அது. 12 மணி நேர டியூட்டியில் ஒரு செவிலியர் அட்டவணைக் கட்டங்களில் கையால் பதியும் இனங்கள், பொதுப் பிரிவில் 633 முதல் 689 வரை; தீவிர சிகிச்சைப் பிரிவில் 631 முதல் 875 வரை. கருவிகள் தாமாக அனுப்பும் எண்கள் இதில் சேராது. ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு பதிவு. இதில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது எப்போது? கட்டில் கம்பி தூக்கியிருக்கிறதா, ஆம். அழைப்பு மணி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா, ஆம். விழுந்துவிடும் அபாயம் பற்றிச் சொல்லியாயிற்றா, ஆம். ஆம், ஆம், ஆம் என்று விரல் போய்க்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் ஒரே பதில் பதியப்படும் கட்டத்தில் தகவல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. சட்டத்துக்காகவும் தணிக்கைக்காகவும் அது அங்கே இருக்கிறது.

அப்படியானால் தகவல் எங்கே இருக்கிறது? இதே ராஸட்டி, கெனரிக் கேட்டோ உள்ளிட்ட சகாக்களுடன் ஒரு பெரிய போதனா மருத்துவமனையின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டபோது விடை கிடைத்தது. சுமார் 15,000 நோயாளிகளின் பதிவுகளில், இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் இடையே செவிலியர் பதிவில் என்ன வேறுபாடு என்று பார்த்தார்கள். எண்கள் எவ்வளவு மோசமாக இருந்தன என்பதை அவர்கள் தேடவில்லை. எத்தனை முறை எழுதப்பட்டது என்று எண்ணினார்கள். இறந்தவர்களின் பதிவேட்டில், உத்தரவுக்கு மேல் கூடுதலாக நாடியும் அழுத்தமும் பார்க்கப்பட்டிருந்தன. யாரும் கேட்காத குறிப்புப் பெட்டிகள் கூடுதலாக நிரம்பியிருந்தன. செவிலியரின் கவலை, அவரே அறியாமல், பதிவேட்டில் தடம் பதித்திருந்தது. எட்டாம் கட்டிலுக்கு இரண்டு மணிக்குப் போனவரின் தடம்தான் அது.

இது செவிலியர் பதிவுக்கு மட்டும் உரிய விந்தையில்லை. டெனிஸ் அக்னியெல், ஐசக் கோஹேன், கிரிஃபின் வெபர் ஆகியோர் பாஸ்டனின் இரு மருத்துவமனைகளில் 6,69,452 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இதைவிடத் துணிச்சலானது. மூன்று ஆண்டு உயிர்வாழ்வைக் கணிப்பதற்கு, ஒப்பிட முடிந்த 174 ஆய்வகப் பரிசோதனைகளில் 118இல், பரிசோதனையின் முடிவைவிட அது எந்த நேரத்தில் கேட்கப்பட்டது என்பதே சிறந்த அடையாளமாக இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள் என்றால், முடிவு எப்படி வந்தாலும், யாரோ பயந்திருக்கிறார்கள். மருத்துவமனையின் தரவு நோயாளியின் உடலை மட்டும் அளப்பதில்லை. அவரைச் சுற்றி நிற்பவர்களின் மனத்தையும் சேர்த்தே அளக்கிறது.

வழக்கமான புள்ளிவிவரக்காரர் இதைக் கலப்படம் என்று ஒதுக்கிச் சுத்தம் செய்யப் பார்ப்பார். ராஸட்டியும் கேட்டோவும் அதையே விதையாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி உருவானது "கன்சர்ன்" என்ற முன்னெச்சரிக்கை அமைப்பு. பெயரே கவலை என்றுதான் பொருள்படும். நாடி எத்தனை முறை பார்க்கப்பட்டது, எந்த நேரத்தில் பார்க்கப்பட்டது, தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கச் சொன்ன மருந்து கொடுக்கப்பட்டதா, கொடுக்க வேண்டிய மருந்து நிறுத்திவைக்கப்பட்டதா, குறிப்புப் பெட்டி நிரம்பியதா என்பவற்றைப் படித்து, மணிக்கொரு முறை கணக்கிட்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். செவிலியர் புதிதாக ஓர் எழுத்தும் பதிய வேண்டியதில்லை என்பது இதன் பெரும் நாகரிகம். மற்ற எல்லா "சீர்திருத்தங்களும்" அவர் தலையில் இன்னொரு கட்டத்தை ஏற்றியபோது, இது அவர் ஏற்கனவே எழுதியதைப் படிக்க முன்வந்தது.

2025இல் நேச்சர் மெடிசின் இதழில் இதன் சோதனை முடிவு வெளிவந்தது. இரண்டு மருத்துவக் குழுமங்களின் 74 பிரிவுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதியில் இந்த அமைப்பைப் பயன்படுத்தி, மீதியில் வழக்கம்போல விட்டு, ஓராண்டு பார்த்தார்கள். மொத்தம் 60,893 மருத்துவமனை அனுமதிகள். கன்சர்ன் இருந்த பிரிவுகளில் இறப்பு அபாயம் 35.6 விழுக்காடு குறைவு. தங்கும் காலம் 11.2 விழுக்காடு குறைவு. தொற்றுக்கு உடலின் எதிர்வினை எல்லை மீறும் செப்சிஸ் அபாயம் 7.5 விழுக்காடு குறைவு.

நான்காவது எண் ஒன்று உண்டு. அங்கே சற்று நிற்க வேண்டும். எதிர்பாராமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படுவது 24.9 விழுக்காடு கூடியிருந்தது. தரக் குறியீடுகளை மாதந்தோறும் வரிசைப்படுத்தும் நிர்வாகியின் மேசையில் இது சிவப்பு மையில் விழும் எண். ஐ.சி.யூ. மாற்றம் கூடியது என்றால் வார்டில் கவனிப்பு சரியில்லை என்றுதானே வழக்கமான வாசிப்பு? இறப்பு குறைந்திருக்கும் அதே பிரிவுகளில் இந்த எண் கூடியிருப்பதைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் வேறொரு பொருள் விளங்குகிறது: போக வேண்டியவர்கள் நேரத்தோடு போயிருக்கிறார்கள். ஓர் எண்ணை மட்டும் பிய்த்தெடுத்துத் தீர்ப்புச் சொன்னால், உயிர் காத்த வார்டு தண்டனை பெறும். எந்த எண்ணை எதனோடு சேர்த்துப் படிப்பது என்று நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து சொல்லக்கூடிய செவிலியர் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வேண்டும்.

கணினி சொல்லும் எல்லா எச்சரிக்கையும் இப்படிப் பலன் தருவதில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் புழங்கிய, மருத்துவப் பதிவு மென்பொருள் நிறுவனமான எபிக்கின் செப்சிஸ் கணிப்பு முறையை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 38,455 அனுமதிகளை வைத்துச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரை அது தவறவிட்டது. அதே நேரம், மொத்த அனுமதிகளில் 18 விழுக்காட்டுக்கு எச்சரிக்கை மணி அடித்தது. ஒரு கணிப்பு முறை வேறெங்கோ நன்றாக வேலை செய்தது என்பது நம் வார்டில் வேலை செய்யும் என்பதற்குச் சான்றாகாது. சொந்த மருத்துவமனையில், சொந்த நோயாளிகளை வைத்துச் சோதிக்காமல் எதையும் இயக்கக் கூடாது. கன்சர்னுக்கும் இதே நிபந்தனைதான்.

எச்சரிக்கை மணி மிகையாக அடித்தால் காது மரத்துப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மருத்துவமனை அங்கீகார அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013இல் கொடுத்த எச்சரிக்கைக் குறிப்பில், கருவிகளின் ஒலிகளில் 85 முதல் 99 விழுக்காடு வரை யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாதவை என்று மதிப்பிட்டிருந்தது. மீதிச் சில ஒலிகளில்தான் உயிர் இருக்கிறது; அவை அந்த இரைச்சலில் மூழ்கிவிடுகின்றன.

விழுக்காடுகளை இவ்வளவு பேசிய பிறகு, அவற்றில் கோட்டுக்குக் கீழே நிற்கும் பகுதி எண் பற்றியும் ஒரு வார்த்தை. தரவு மேலாண்மையில் இவ்வளவு சலிப்பூட்டும், இவ்வளவு முக்கியமான வேலை வேறில்லை. மையச் சிரைக் குழாய் வழியாக ரத்தத்தில் தொற்று ஏறுவதை, குழாய் போட்டிருந்த 1,000 நாட்களுக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். மிச்சிகன் மாநிலத்தின் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் குழு நடத்திய புகழ்பெற்ற திட்டத்தில், 1,000 குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, பதினெட்டு மாதத்துக்குள் 1.4 ஆனது. 2006இல் அந்த முடிவு வெளிவந்தபோது உலகம் மேலே நிற்கும் தொகுதி எண்ணைக் கொண்டாடியது. கீழே இருந்த எண், 3,75,757 குழாய் நாட்கள், எங்கிருந்து வந்தது? தினமும் ஒரே நேரத்தில் ஒருவர் கட்டில் கட்டிலாகப் போய், யார் யாருக்குக் குழாய் இருக்கிறது என்று எண்ணி எழுதியதிலிருந்து வரும் கணக்கு அது. கணினியே எண்ணட்டும் என்று விட விரும்பும் மருத்துவமனைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்தமானது: குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து கையாலும் எண்ண வேண்டும், கணினியின் எண் கை எண்ணிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. மனிதர் எண்ணியதுதான் அளவுகோல். இயந்திரம் அதற்குப் பொருந்தி வந்தால் அனுமதி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தக் கருவிகள் நம் வார்டுகளுக்கும் வரும் காலம் தொலைவில் இல்லை. ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டு, 14 இலக்க நலவாழ்வு அடையாள எண்கள் வழங்கப்படுகின்றன. அதற்கு வெகு முன்பே தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பெயர்வாரியாகப் பின்தொடரும் பிக்மி என்ற பதிவு முறை வந்துவிட்டது. ஒரு பெண் கருவுற்ற செய்தியிலிருந்து குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது வரை அதில் ஏறுகிறது. அதில் கிடைக்கும் பதிவு எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் வேலை நகரும். அதன் முதுகெலும்பு கிராம சுகாதார செவிலியர். பகலில் வீடு வீடாக நடந்துவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பதிவேற்றுகிறவர். இந்த மாநிலத்தின் தாய் சேய் நலக் கணக்குகள் பெருமையோடு பேசப்படும்போதெல்லாம் அந்த ராத்திரி நேரம் எனக்கு நினைவுக்கு வரும். வெர்லி அறை வாடகைக்குள் கரைந்துபோனதாகக் கண்ட உழைப்பும் இதுவும் ஒன்றுதான்.

ஒரு கிராம சுகாதார செவிலியருக்கு, எண்களில் எல்லாம் சரியாக இருக்கும் ஒரு கர்ப்பிணியைப் பற்றி ஏதோ உறுத்தினால், அதைத் திரையில் எங்கே எழுதுவார்? ஹீமோகுளோபினுக்குக் கட்டம் இருக்கிறது, எடைக்கு இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு இருக்கிறது. மாமியார் பேச விடவில்லை, கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, போன மாதம் இருந்த தெளிவு இந்த மாதம் இல்லை என்பதற்குக் கட்டம் வேண்டாமா? அவர் அதைத் தன் நோட்டில் எழுதிவைப்பார், அல்லது மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே அந்த வீட்டுக்குப் போவார். போன தேதி பதிவாகும். ஏன் முன்னதாகப் போனார் என்பது பதிவாகாது. ஆனால் முன்னதாகப் போனார் என்ற அந்தத் தேதியே, அந்த அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் கண்டது போல, ஒரு செய்தி. அதைப் படிக்கத் தெரிந்தவர் யாராவது அந்தத் தரவைத் திறந்து பார்க்க வேண்டும்.

கன்சர்ன் போன்ற ஒன்றை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவதில் பெரிய ஆபத்தும் இருக்கிறது. அந்த அமைப்பு பயின்றது, கவலைப்பட்டால் மறுபடி போய்ப் பார்க்க நேரம் இருக்கும் வார்டுகளில். ஒரு சிஸ்டர் இரவில் நாற்பது கட்டில்களைக் கவனிக்கும் இடத்தில் கவலைக்குத் தடம் பதிய நேரம் இல்லை. அங்கே குறிப்புப் பெட்டி காலியாக இருப்பதற்கு நோயாளி நன்றாக இருக்கிறார் என்று பொருளில்லை. எழுத ஆளில்லை என்று பொருள். இயந்திரமோ அந்த மௌனத்தைப் பச்சை நிறமாகக் காட்டும். ஆள் குறைவான வார்டின் நோயாளிகள் எல்லோரும் நலமாக இருப்பதாகக் கணக்கு வரும். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது அறுவை சிகிச்சைக்குப் பின் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதாக 2002இல் காட்டினார். அந்த 7 விழுக்காட்டை எந்த மென்பொருளும் ஈடுகட்டாது. ஆள் போடுவதற்குப் பதில் ஆப் போடுவோம் என்று யாராவது சொன்னால், அதற்கு எதிராகத் தரவோடு நிற்க வேண்டியவர் தரவு படித்த செவிலியர்தான்.

நம்மூர் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் தன் பிரிவில் இதை எப்படித் தொடங்கலாம்? மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் பழைய டி.பி.ஆர். சார்ட்டுகளையும் நர்ஸஸ் நோட்ஸையும் எடுத்துவைத்துக்கொண்டு, வார்டிலிருந்து அவசரமாக ஐ.சி.யூ.வுக்கு வந்தவர்களின் முந்தைய இரண்டு நாளை மணிவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். உத்தரவுக்கு மேல் பார்க்கப்பட்ட தடவைகள் எத்தனை? "டியூட்டி டாக்டருக்குச் சொல்லப்பட்டது" என்ற வரி எத்தனை முறை, எந்த மணியில் வருகிறது? சொல்லப்பட்டதற்கும் அவர் வந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? அதோடு ஒவ்வொரு இரவும் எத்தனை சிஸ்டர்கள் டியூட்டியில் இருந்தார்கள் என்ற கணக்கையும் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் மௌனத்தையும் நலத்தையும் பிரிக்க முடியாது. நோயாளியின் பெயரும் எண்ணும் நீக்கி, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டுவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கும் ஆய்வு இது. ஆனால் வேறு யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்விகளோடு அந்தப் பதிவுகளைப் படிக்க, அப்படிப்பட்ட வரிகளை எழுதிப் பழகிய சிஸ்டரால்தான் முடியும்.

இப்படிப் படித்துப் பார்க்க நமக்கு நேரமும் குறைவாக இருக்கிறது என்று நினைக்கிறேன். மணிக்கட்டிலும் மார்பிலும் ஒட்டும் உணரிகள் நிமிடந்தோறும் நாடியையும் மூச்சையும் தாமே அனுப்பும் வார்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. செவிலியரின் தலையிலிருந்து நூற்றுக்கணக்கான பதிவுகளை இறக்கிவைக்கும் என்பதால் அதை வரவேற்க வேண்டும். ஆனால் எட்டாம் கட்டில்காரரின் நாடி 1,440 முறை பதிவாகும் நாளில், இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து போய்ப் பார்த்தார் என்ற ஒற்றைச் செய்தி எங்கே போகும்? எல்லா நேரமும் பார்க்கப்படும் இடத்தில், யாரோ பார்க்கத் தேர்ந்தெடுத்த நேரம் என்று ஒன்று இருக்காது.

நெதர்லாந்தின் ஹூஸ்கெ டௌவ் இதற்கு வேறொரு வழியைக் காட்டினார். செவிலியரின் கவலை எதில் தொடங்குகிறது என்று 18 ஆய்வுகளைத் தேடிப் படித்து, 37 அடையாளங்களைத் திரட்டி, பத்துத் தலைப்புகளாக 2015இல் தொகுத்தார். மூச்சில் மாற்றம், ரத்த ஓட்டத்தில் மாற்றம், நடுக்கம், வலி, நினைவுத் தடுமாற்றம், அமைதியின்மை, எதிர்பார்த்தபடி தேறாமை, நோயாளியே தனக்குச் சரியில்லை என்று சொல்வது, செவிலியரின் கண்ணுக்குப் படுவது. பத்தாவது தலைப்பு: காரணம் சொல்ல முடியாமல், ஏதோ தவறு என்று தெரிந்திருப்பது. அதையும் ஒரு தலைப்பாக, எண் கொடுத்து, மற்ற ஒன்பதுக்கும் சமமாக அவர் எழுதிவைத்திருக்கிறார்.